அழுக்குத்துணியும் அமெரிக்கச் சட்டமும்

அமெரிக்கப் பெண்களின் வரலாற்றைச் சொல்லும் பொதுப் புத்தகங்களுக்கு இப்போது ஒரு வாய்பாடு அமைந்துவிட்டது. ஐரிஷ் பெண்ணுக்கு ஒரு பக்கம், கறுப்பினப் பெண்ணுக்கு ஒரு பக்கம், அடுத்தடுத்து மெக்சிகப் பெண், சீனப் பெண், பூர்வகுடிப் பெண். ஆளுக்கொரு படம், பிறந்த ஆண்டு, ‘முதல் பெண்’ என்ற பட்டம். வசதியான வெள்ளைப் பெண்கள் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போனதையே மொத்த வரலாறாக எழுதிக்கொண்டிருந்த காலத்தை நினைத்தால் இது எவ்வளவோ மேல்தான். ஆனால் இந்த அணிவகுப்பில் யாருக்கும் யாரோடும் கொடுக்கல் வாங்கல் இருந்ததாகத் தெரியாது. நடந்ததோ வேறு. ஒருத்தியின் கூலி இன்னொருத்தியின் கூலியைக் கீழே இழுத்தது. ஒருத்திக்காக எழுதிய சட்டம் இன்னொருத்தியைக் கணக்கில் சேர்க்காமலே எழுதப்பட்டது. சமூகவாரியாகப் பிரித்துவைத்த பக்கங்களில் இந்தக் கணக்கு தெரியவராது. ஏதாவது ஒரு தொழிலைப் பிடித்துக்கொண்டு போனால்தான் தெரியும். அதற்குச் சலவைத் தொழிலைவிடப் பொருத்தமானது இல்லை. அந்த நாட்டில் கூலிவேலைக்கு இறங்கிய ஏறக்குறைய எல்லா இனப் பெண்களும் ஏதோ ஒரு காலத்தில் அதைத் தொட்டிருக்கிறார்கள். உச்ச நீதிமன்றத்தின் முக்கியமான தீர்ப்புகளில் சில சலவைக்கூடத்து வழக்குகளிலிருந்து பிறந்தவை. இந்தத் தொழிலின் நூறாண்டுக் கதையைப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: முதலில் சங்கம் கட்டியவர்களில் இருந்த பெண்களுக்கே சட்டத்தின் பாதுகாப்பு கடைசியில் வந்தது. துணி எங்கே துவைக்கப்படுகிறது என்பதை வைத்துச் சட்டம் கோடு போட்டது. அந்தக் கோடு நிறத்தின் எல்லைக்கோட்டின் மேலேயே பெரும்பாலும் விழுந்தது.

வேலை எப்படிப்பட்டது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் சலவை என்பது வாரம் முழுக்க இழுக்கும் வேலை. திங்கள்கிழமை வீடு வீடாகப் போய் மூட்டை எடுப்பார்கள். சனிக்கிழமை மடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இடையில் நடப்பதெல்லாம் சொந்த வீட்டு முற்றத்தில். குழாய் கிடையாது, கிணற்றிலிருந்தோ தெருப் பம்பிலிருந்தோ வாளி வாளியாகத் தண்ணீர் சுமக்க வேண்டும். பீர் பீப்பாயை இரண்டாக அறுத்தால் இரண்டு தொட்டி. காரநீரைக் கொழுப்போடு காய்ச்சிச் சவுக்காரம், கோதுமைத் தவிட்டிலிருந்து கஞ்சி, இரண்டையும் கைப்பட அவர்களே செய்துகொண்டார்கள். இரும்புக் கொப்பரையில் துணியை வேகவைத்து, கட்டையில் வைத்து அடித்து, அலசி, நீலம் போட்டு, கஞ்சி தோய்த்து, கொடியிலும் வேலியிலும் புதரின் மேலும் உலர்த்தி, அடுப்பில் சூடேற்றிய இரும்பின் அடியில் தேன்மெழுகு தடவித் தேய்ப்பார்கள். மழை வந்தால் வாரக்கணக்கு குலையும். கை வெந்துபோகும் வேலைதான். ஆனாலும் கறுப்பினப் பெண்கள், திருமணமானவர்கள் குறிப்பாக, சமையல் வேலையைவிடச் சலவையையே விரும்பினார்கள். எசமானி தலைக்குமேல் நிற்கமாட்டாள். சொந்தக் குழந்தை கண்ணெதிரே இருக்கும். பக்கத்து வீட்டுப் பெண்களோடு ஒரே முற்றத்தில் நின்று துவைக்கலாம், பேசலாம். அடிமைமுறை ஒழிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தபோது இந்தப் பேச்சுக்கு இருந்த மதிப்பு சாதாரணமானதல்ல. பின்னால் சங்கமாக மாறியது இந்தப் பேச்சுதான்.

வடக்கே நியூயார்க் மாநிலத்து டிராய் நகரில் சலவை வேறு உருவம் எடுத்திருந்தது. சட்டையிலிருந்து தனியே கழற்றிக்கொள்ளும் காலர் அந்த ஊரில் கண்டுபிடிக்கப்பட்டது. ஊருக்கே ‘காலர் நகரம்’ என்று பெயர். தைத்த காலரை விற்பனைக்கு அனுப்புமுன் வெளுத்து, கஞ்சி போட்டு, விறைப்பாகத் தேய்க்க வேண்டும். அதற்கென்று எழுந்த கூடங்களில் கொதிநீருக்கும் ரசாயனத்துக்கும் காய்ந்த இரும்புக்கும் நடுவே 12 மணி, 14 மணி நேரம் நின்றவர்களில் பெரும்பாலோர் ஐரிஷ் குடியேறிகள். பஞ்சத்தில் நாட்டைவிட்டு வந்த தலைமுறையின் பெண்கள் அவர்கள். இருபது வயதை ஒட்டியிருந்த கேட் முல்லனி 1864 பிப்ரவரியில் சுமார் 300 பேரைத் திரட்டி 14 சலவைக்கூடங்களை நிறுத்தினார். ஒரு வாரம் முடிவதற்குள் முதலாளிகள் இறங்கிவந்து 25 சதவீதம் கூட்டிக் கொடுத்தார்கள். அந்தச் சங்கம் அதோடு கலையவில்லை. இரும்பு வார்ப்புத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு 1866-இல் ஆயிரம் டாலர் கொடுக்கும் அளவுக்குக் காலூன்றி நின்றது. 1868-இல் தேசியத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு முல்லனியைத் துணைச் செயலாளராக நியமித்தது. மறுஆண்டு கூலி உயர்வு கேட்டபோது காலர் உற்பத்தியாளர்களும் சலவைக்கூட முதலாளிகளும் கைகோத்துக்கொண்டார்கள். போதாததற்குக் காகிதக் காலர் சந்தைக்கு வந்தது. 1870-இல் சங்கம் முடிந்துபோனது.

டிராய் கதை நன்கு அறியப்பட்டது. முல்லனி வாழ்ந்த வீடு இன்று தேசிய வரலாற்றுச் சின்னம். அதே பத்தாண்டில் மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் நடந்ததற்கு அவ்வளவு விளம்பரம் இல்லை. உள்நாட்டுப் போர் முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. 1866 ஜூன் 20 அன்று அந்த ஊர்ச் சலவைப் பெண்கள் மேயருக்கு ஒரு மனு அனுப்பினார்கள். விலைவாசி ஏறிவிட்டது, இனி எங்கள் விலை இது என்று பட்டியல் தந்தார்கள்: நாள் கூலி ஒன்றரை டாலர், ஒரு குடும்பத்துக்கு மாதம் 15 டாலர், தனி ஆளுக்கு 10 டாலர். இந்த விலைக்குக் கீழே இறங்கும் எங்கள் ஆட்களுக்கே அபராதம் விதிப்போம் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். நேற்றுவரை அடிமைகளாக இருந்தவர்கள் கெஞ்சிக் கேட்கவில்லை, விலையை அறிவித்தார்கள். தோழமையைக் கட்டிக்காக்க அபராதம் வேண்டும் என்று தெரிந்துவைத்திருந்தார்கள். தொழிற்சங்கம் என்பது ஆலை ஒரு கூரையின்கீழ் ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்த பிறகே முளைக்கும் என்று நம்பும் வரலாற்றாசிரியர்களுக்கு இந்த மனு சங்கடமானது. இங்கே கூரையும் இல்லை, பொது முதலாளியும் இல்லை.

1881 கோடையில் ஜார்ஜியாவின் அட்லாண்டாவில் இது பெரிய அளவில் நடந்தது. அந்நகரில் கூலிக்கு வேலை பார்த்த கறுப்பினப் பெண்களில் 98 சதவீதத்தினர் வீட்டுவேலைக்காரர்களாகவோ சலவைக்காரர்களாகவோ இருந்தார்கள். மாதத்துக்கு நான்கிலிருந்து எட்டு டாலர் வரை கிடைக்கும். ஜூலையில் ஒரு தேவாலயத்தில் இருபது பெண்கள் கூடிச் சலவைச் சங்கம் தொடங்கினார்கள். பன்னிரண்டு பவுண்டு துணிக்கு ஒரு டாலர் என்பது கோரிக்கை. தேவாலயம் தேவாலயமாகக் கூட்டம் போட்டு, வீடு வீடாக ஏறி இறங்கி ஆள் சேர்த்தார்கள். ஊரில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருந்த வெள்ளைச் சலவைப் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். மூன்றே வாரத்தில் இருபது மூவாயிரமானது. நகரின் மொத்த மக்கள்தொகையே அப்போது 37,000 சொச்சம். துவைத்துக்கொண்டிருந்த துணியை ஈரமாகவே திருப்பிக் கொடுத்த வீடுகளும் உண்டு. காவல்துறை ஆறு பேரைப் பிடித்தது. குற்றச்சாட்டு, தெருவில் சண்டையிட்டு அமைதியைக் குலைத்தது. மற்றவர்களுக்கு ஐந்து டாலர் அபராதம். சாரா காலியர் என்பவருக்கு 20 டாலர். அவர் கட்ட மறுத்தார். சங்கிலியால் பிணைத்த கைதிகளோடு நாற்பது நாள் தெருவேலை என்று தண்டனை மாறியது. வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றப்போவதாக மிரட்டினார்கள். பணக்காரர்கள் சிலர் கூடி, வரிவிலக்கோடு நீராவிச் சலவைக்கூடம் ஒன்று கட்டிவிடலாம் என்று திட்டம் போட்டார்கள். கடைசியில் நகராட்சி மன்றம் தன் அஸ்திரத்தை எடுத்தது: சங்கத்தில் இருக்கும் ஒவ்வொரு சலவைப் பெண்ணும் ஆண்டுக்கு 25 டாலர் உரிமக் கட்டணம் கட்டவேண்டும் என்று ஒரு முன்மொழிவு. சிலருக்கு அது அரை ஆண்டு வருமானம்.

சங்கத்தின் பதில் தொழிலாளர் வரலாற்றில் எனக்குத் தெரிந்த மிகக் கூர்மையான கடிதங்களில் ஒன்று. மேயர் ஜிம் இங்கிலிஷுக்கு எழுதினார்கள்: கட்டணம் 25 டாலரா, 50 டாலரா, கட்டத் தயார், ஆனால் அதற்கு ஈடாக ஊர்ச் சலவை முழுவதும் எங்கள் கையில் இருக்கும், விலையை நாங்கள் வைப்போம் என்பது அதன் சாரம். தண்டனையாக நீட்டப்பட்ட உரிமத்தை ஏகபோகத்துக்கான பட்டாவாக மாற்றிக் கேட்டுவிட்டார்கள். மன்றம் முன்மொழிவைக் கைவிட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் பன்னாட்டுப் பருத்திக் கண்காட்சி அட்லாண்டாவில் தொடங்கவிருந்தது. ‘புதிய தெற்கு’ என்று உலகுக்குக் காட்டிக்கொள்ள ஊர்ப் பெரியவர்கள் செய்திருந்த ஏற்பாடு. அந்தச் சமயம் பார்த்து மறுபடி வேலையை நிறுத்துவோம் என்ற பேச்சும் எழுந்தது. அது நடக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. அட்லாண்டா வேலைநிறுத்தம் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி ‘அட்லாண்டா கான்ஸ்டிட்யூஷன்’ என்ற நாளிதழில் வந்தது. அந்தப் பெண்களைக் கேலி பேசிய, முதலாளிகள் பக்கம் நின்ற பத்திரிகை அது. சங்கத்தின் கணக்கேடோ கூட்டக் குறிப்போ நம் கையில் இல்லை. எத்தனை பேருக்குக் கூலி ஏறியது, ஏறியது எத்தனை நாள் நின்றது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அப்படியிருக்க இதை வெற்றி என்று கொண்டாடுவது பின்னாளைய ஆசையின் விளைவு அல்லவா என்று கேட்கலாம். கூலி விஷயத்தில் இந்த ஆட்சேபம் செல்லும். ஆனால் இங்கே நான் நிறுவ முயல்வது வெற்றியை அல்ல, திறனை. எதிரியின் பத்திரிகை ஆட்களைக் குறைத்துக் காட்டத்தான் முயலும்; அதுவே ஆயிரக்கணக்கில் எண்ணியது என்றால், கேலிக்கு நடுவே பதற்றம் தெரிகிறது என்றால், அந்தச் சாட்சியம் சங்கத்தின் சொந்த ஏட்டைவிட வலுவானது. டெரா ஹண்டர் என்ற வரலாற்றாசிரியர் 1997-இல் வெளியிட்ட நூலில் இந்தச் செய்திகளை அப்படித்தான் எதிர்த்திசையில் வாசித்துக் காட்டினார்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கடுமையானது. டெக்சாஸின் கால்வெஸ்டன் நகரில் 1877-இல் கறுப்பினச் சலவைப் பெண்கள் நாளுக்கு ஒன்றரை டாலர் கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். நீராவிச் சலவைக்கூடத்துக் கதவு ஜன்னல்களைப் பலகை வைத்து ஆணியடித்து மூடினார்கள். அங்கிருந்து நேரே சீனர்களின் சலவைக் கடைகளுக்குப் போய், ஊரைக் காலிசெய்யச் சொல்லி மிரட்டினார்கள். ஒடுக்கப்பட்டவர்கள் ஒருவரையொருவர் விரட்டிக்கொண்டிருந்தபோது, அவர்களைக் கோத்து ஒரே வரலாறாக எழுதுவது பாசாங்கு இல்லையா? என் பதில்: ஒரே வரலாறு என்றால் ஒற்றுமையின் வரலாறு என்று பொருளில்லை. அந்தப் பெண்களுக்குச் சந்தையின் கணக்கு தெரிந்திருந்தது. தங்கள் விலையை உடைப்பவை இயந்திரமும், இன்னொரு ஏழையின் மலிவான உழைப்பும் என்று கண்டு இரண்டின்மீதும் பாய்ந்தார்கள். ஒன்று நியாயம், மற்றொன்று அநியாயம் என்று பிரிப்பது இன்று நமக்கு எளிது.

சீனர்கள் கடையில் இருந்தவர்கள் ஏன் ஆண்களாகவே இருந்தார்கள் என்பதும் பெண்களின் வரலாறுதான். 1875-இல் வந்த பேஜ் சட்டம், ஒழுக்கக்கேட்டைத் தடுப்பதாகச் சொல்லிக்கொண்டு, சீனப் பெண்கள் நாட்டுக்குள் வருவதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டது. மனைவியை அழைத்துவர முடியாத ஆண்கள், வேறு தொழில் மறுக்கப்பட்ட நிலையில், உலகெங்கும் பெண்கள் செய்யும் வேலையை எடுத்துக்கொண்டார்கள். சான்பிரான்சிஸ்கோவில் இருந்த சுமார் 320 சலவைக் கடைகளில் 240 சீனர்களுடையவை. மரக் கட்டடத்தில் கடை வைக்க அனுமதி வேண்டும் என்று நகராட்சி விதித்து, கேட்ட சீனர் இருநூறு பேருக்கும் மறுத்தது. மற்றவர்கள் எண்பது பேர் அளவில் கேட்க, ஒருவரைத் தவிர எல்லாருக்கும் கொடுத்தது. அந்த ஒருவர் மேரி மீகிள்ஸ் என்ற பெண். 1886-இல் யிக் வோ வழக்கில் உச்ச நீதிமன்றம் இது பாரபட்சம் என்று தீர்ப்பளித்தது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். ஆனால் நகராட்சிகளும் மாநிலங்களும் வேறு வழி கண்டுபிடித்தன. மொன்டானா மாநிலம் கைச்சலவைக் கடைகளுக்குத் தனி வரி போட்டது. நீராவிச் சலவைக்கூடத்துக்கு அந்த வரி இல்லை. இரண்டு பெண்களுக்கு மேல் இல்லாத பெண்களின் கடைக்கும் இல்லை. மிச்சம் யார் என்று சொல்லத் தேவையில்லை. 1912-இல் குவாங் விங் என்பவர் வழக்குப் போட்டுத் தோற்றார். பெண்களுக்குச் சலுகை காட்ட மாநிலத்துக்கு உரிமை உண்டு என்றார் நீதிபதி ஹோம்ஸ். சீனர்களைக் குறிவைத்த சட்டம் என்ற வாதத்தை மனுதாரர் முன்வைக்கவில்லை என்று சொல்லி அந்தக் கேள்வியைத் தொடாமல் விட்டார். பெண்களுக்கு இரக்கம் காட்டும் சலுகையைப் போலத் தெரிவது, இன்னொருவரை ஒதுக்கும் கருவியாகவும் இருக்க முடியும்.

இப்படிப் பார்த்தால்தான் 1908-இன் புகழ்பெற்ற முல்லர் வழக்கின் முழு உருவம் தெரியும். ஆரிகன் மாநிலத்து போர்ட்லண்டில் கர்ட் முல்லர் என்பவரின் சலவைக்கூடம். 1905 செப்டம்பர் 4, தொழிலாளர் தினத்தன்று, எம்மா காட்சர் என்ற தொழிலாளியைப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினார் மேற்பார்வையாளர். பெண்களுக்கு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்ற மாநிலச் சட்டத்தை மீறியதற்காக முல்லருக்குப் பத்து டாலர் அபராதம். அதே ஆண்டு ரொட்டிக் கடைத் தொழிலாளர்களின் பத்து மணி நேரச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் ஒப்பந்தச் சுதந்திரத்தின் பெயரால் ரத்து செய்திருந்தது. ஆகவே தனக்கும் வெற்றிதான் என்று முல்லர் வழக்கை மேலே கொண்டுபோனார். ஆரிகன் தரப்பில் வழக்கறிஞர் லூயி பிராண்டைஸ் தாக்கல் செய்த வாதுரை 113 பக்கம். அதில் சட்ட வாதம் இரண்டே பக்கம்தான் இருக்கும். மற்றதெல்லாம் நீண்ட வேலைநேரம் பெண் உடலுக்கு என்ன செய்கிறது என்று மருத்துவர்களும் ஆலை ஆய்வாளர்களும் தந்த அறிக்கைகள். திரட்டியவர்கள் சீர்திருத்தவாதிகளான ஜோசஃபைன் கோல்டுமார்க்கும் ஃபுளோரன்ஸ் கெல்லியும். நீதிபதிகள் ஒருமனதாகச் சட்டத்தை ஏற்றார்கள். அதற்குச் சொன்ன காரணம் பெண்ணின் உடலமைப்பு, தாய்மை, அடுத்த தலைமுறையின் நலன்.

பின்னாளைய பெண்ணியர்கள் இந்தக் காரணத்தின்மீது கோபப்பட்டது சரியே. பெண்ணைத் தாயாக மட்டுமே பார்த்த தீர்ப்பு, இரவுவேலை உட்படப் பல வேலைகளிலிருந்து அவளை விலக்கவும் பயன்பட்டது. ஆனால் எல்லாரும் காரணத்தைப் பற்றியே பேசி, சட்டத்தின் முதல் வரியை விட்டுவிட்டார்கள். அது பேசியது இயந்திரக் கூடம், தொழிற்சாலை, சலவைக்கூடம் ஆகியவற்றில் வேலை பார்க்கும் பெண்களைப் பற்றி. 1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் சலவைக்கூடத் தொழிலாளர்கள் ஆணும் பெண்ணுமாக ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியவர்கள். கூடத்துக்கு வெளியே, தம் வீட்டிலோ பிறர் வீட்டிலோ துவைத்த பெண்கள் 5 லட்சத்துக்கு மேல். இவர்களில் மிகப் பெரும் பகுதி கறுப்பினத்தவர். அவர்களுடைய கருப்பைக்கும் முதுகெலும்புக்கும் பத்து மணிக்குப் பின் என்ன ஆகும் என்று கேட்டு ஒரு வாதுரையும் எழுதப்படவில்லை. ஒரு சட்டத்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது, எட்டக்கூடியதை எட்டிப் பிடித்தார்கள் என்று கெல்லிக்காகப் பேசலாம். வீட்டு முற்றத்துக்கு எந்த ஆய்வாளர் போவார் என்றும் கேட்கலாம். கெல்லி கறுப்பின மக்களின் உரிமைக்காக உழைத்தவர், அவருக்குத் தீய எண்ணம் கற்பிக்க இடமில்லை. ஆனால் தாய்மைதான் பாதுகாப்பின் அடிப்படை என்று வாதிட்ட பிறகு, நாட்டின் சலவைப் பெண்களில் பெரும்பான்மையோரை வெளியே நிறுத்துவதற்குத் தாய்மை காரணமாக இருக்க முடியாது. இடம்தான் காரணமாயிற்று. இடம் நிறத்தைப் பொறுத்து அமைந்திருந்தது. தெற்கில் வெள்ளைப் பெண்களுக்குத் திறந்திருந்த ஆலை வேலை கறுப்பினப் பெண்களுக்கு மூடியிருந்தது.

கூடத்துக்குள் போனவர்களுக்கு மட்டும் எல்லாம் கிடைத்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. 1919 அக்டோபரில் டெக்சாஸின் எல் பாசோவில், சங்கத்துக்கு ஆள் சேர்த்தார்கள் என்று இரண்டு பெண்களை ஆக்மி சலவைக்கூடம் வேலைநீக்கம் செய்தது. மெக்சிக வம்சாவளிப் பெண்கள் நூற்றுக்கணக்கில் வெளியே வந்தார்கள், மற்றக் கூடங்களும் சேர்ந்துகொண்டன. எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவின் ஹுவாரெஸ் நகரம். அங்கிருந்தும் வேலைக்கு ஆள் எடுத்து, முதலாளிகள் வேலைநிறுத்தத்தை முறித்தார்கள். பூர்வகுடிச் சிறுமிகளின் நிலை இன்னும் விசித்திரம். கார்லைல் முதலான அரசு விடுதிப் பள்ளிகளில் சலவை பாடத்திட்டத்தின் ஒரு பகுதி. நாகரிகம் கற்றுத்தருகிறோம் என்ற பெயரில் பள்ளியின் துணி முழுவதையும் மாணவிகளே துவைத்துத் தேய்த்தார்கள். விடுமுறையில் வெள்ளைக் குடும்பங்களுக்கு வீட்டுவேலைக்கு அனுப்பப்பட்டார்கள். பூர்வகுடிகளின் நிலையை ஆராய்ந்த 1928-இன் மெரியம் அறிக்கை, பள்ளிகள் பிள்ளைகளின் உழைப்பில் ஓடுகின்றன என்று கண்டித்தது. தொழிலாளி என்ற பெயர்கூட இல்லாமல் செய்த வேலை அது. எந்த மணிநேரச் சட்டமும் அவர்களைப் பார்க்கவில்லை.

1936-இல் இன்னொரு சலவைக்கூடம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. புரூக்ளினில் ஜோசஃப் டிபால்டோ நடத்தியது. நியூயார்க் சட்டப்படி பெண்களுக்கு வாரம் 14 டாலர் 88 சென்ட் தரவேண்டும். அவர் தந்தது பத்து டாலர். பிடிபட்ட பிறகு முழுத்தொகையைக் கொடுத்து, வித்தியாசத்தைப் பின்வாசல் வழியே திருப்பி வாங்கிக்கொண்டார். நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று அவர் பக்கம் சாய்ந்தது. பத்தே மாதத்தில், வாஷிங்டன் மாநிலத்து ஓட்டலில் அறை துப்புரவு செய்த எல்சி பாரிஷ் தொடுத்த வழக்கில் அதே நீதிமன்றம் தலைகீழாகத் திரும்பிக் குறைந்தபட்சக் கூலியை ஏற்றது. அதே 1937-இல் நியூயார்க் சலவைத் தொழிலாளர்கள் பெருந்திரளாகச் சங்கத்தில் சேர்ந்தார்கள். முன்னின்றவர்களில் டிரினிடாடிலிருந்து வந்த கறுப்பினப் பெண் ஷார்லட் அடல்மண்ட் ஒருவர். நாடு தழுவிய நியாய உழைப்புச் சட்டம் 1938-இல் வந்தபோது, மாநில எல்லை தாண்டும் வணிகத்துக்கே அது பொருந்தும் என்று வைத்தார்கள். ஊருக்குள்ளேயே துணி வாங்கி ஊருக்குள்ளேயே கொடுக்கும் சலவைக்கூடம் 1966 வரை அதன் பிடிக்குள் முழுதாக வரவில்லை.

இதற்கிடையே, 1935 ஆகஸ்டில் சமூகக் காப்புறுதிச் சட்டம். முதியோர் ஓய்வூதியத்திலிருந்து விவசாயக் கூலிகளையும் தனியார் வீட்டில் வேலை செய்பவர்களையும் அது விலக்கியது. 1930 கணக்கின்படி வேலை பார்த்த கறுப்பினப் பெண்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு இந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். கறுப்பின மக்கள் விழும் அளவுக்கே ஓட்டை வைத்த சல்லடை இது என்று வழக்கறிஞர் சார்லஸ் ஹூஸ்டன் செனட் குழுவின் முன் சொன்னார். இது இனவெறி இல்லை, நிர்வாகச் சிக்கல்தான் என்று வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. விலக்கைக் கேட்டவர் தெற்கு மாநில அரசியல்வாதி அல்ல, கருவூலச் செயலர் மார்கன்தா. லட்சக்கணக்கான சமையலறைகளில் வரி வசூலிக்க முடியாது என்பது அவர் கவலை. மொத்தமாக எண்ணினால் விலக்கப்பட்டவர்களில் வெள்ளையரே அதிகம். இரண்டும் உண்மை. ஆனால் பிரிட்டன் 1911-லேயே வீட்டுவேலைக்காரர்களை உடல்நலக் காப்பீட்டில் சேர்த்து, அட்டையில் எசமானிகளை வாராவாரம் முத்திரை ஒட்டவைத்தது. எசமானிகள் கூச்சலிட்டார்கள், திட்டம் நடந்தது. ஆகவே முடியாது என்பது சரியான சொல் அல்ல. அத்தனை மெனக்கெட வேண்டிய அளவுக்கு அந்தப் பெண்கள் முக்கியமானவர்களாகத் தெரியவில்லை. கெட்ட எண்ணம் இருந்தால்தான் பாரபட்சம் என்று வைத்துக்கொண்டால் வரலாற்றில் பாதிப் பாரபட்சத்தைக் காணவே முடியாது.

இந்தச் சட்டச் சண்டையெல்லாம் வீண், பெண்ணைத் துணித்தொட்டியிலிருந்து விடுவித்தது மின்சாரச் சலவை இயந்திரமே என்று சொல்பவர்களும் உண்டு. வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-இல் எழுதிய நூல் இதற்குப் போதுமான பதில்: வெளியே போய்க்கொண்டிருந்த துணியை இயந்திரம் மறுபடி வீட்டுக்குள் கொண்டுவந்தது, துவைக்கும் நேரம் அவ்வளவாகக் குறையவில்லை, துவைக்கும் துணியின் அளவுதான் கூடியது. நான் சேர்க்க விரும்புவது ஒன்றே. இயந்திரம் வந்த நடுத்தர வர்க்க வீடுகள் பலவற்றில் அதை இயக்கியவள் கூலிக்கு வந்த பெண். முன்பு தன் முற்றத்தில், தன் நேரத்தில் துவைத்தவள் இப்போது எசமானியின் கூரைக்கடியில், அவள் கண்பார்வையில் துவைத்தாள்.

விலக்குகள் ஒவ்வொன்றாகக் கழன்றது மெதுவாகத்தான். ஒரே வீட்டில் தொடர்ந்து வேலை செய்பவர்களுக்கு 1950-இல் ஓய்வூதியம் வந்தது. நாளுக்கொரு வீடு போனவர்களில் பலருக்கு எட்டவில்லை. ஒன்பது வயதிலேயே வீட்டுவேலைக்கு இறங்கிய டாரதி போல்டன் 1968-இல் தேசிய வீட்டுப் பணியாளர் சங்கத்தைத் தொடங்கினார். உறுப்பினர் கட்டணம் ஒரு டாலர். கூடவே ஒரு நிபந்தனை, வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். 1974-இல் வீட்டுவேலைக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு என்று சட்டம் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்துக்குள்ளேயே புது விலக்கு ஒன்று முளைத்தது: முதியோருக்கும் நோயாளிகளுக்கும் துணையாக இருப்பவர்களுக்கு அது பொருந்தாது. ஜமைக்காவில் பிறந்து, நியூயார்க்கில் இருபது ஆண்டு முதியோரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, துணி துவைத்த ஈவ்லின் கோக், கூடுதல் நேரக் கூலி கேட்டு வழக்கு நடத்தினார். 2007-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒன்பதுக்குப் பூஜ்யம் என்று தோற்றார். 2013-இல் தொழிலாளர் துறை விதியை மாற்றி எழுதியபோது அவர் உயிரோடு இல்லை.

தொழிலாளர்கள் சேர்ந்து பேரம் பேசும் உரிமைக்கான 1935-இன் வாக்னர் சட்டத்தில், ஒருவருடைய வீட்டில் வீட்டுவேலை செய்பவர் ‘தொழிலாளி’ ஆகமாட்டார் என்ற வரி இன்னும் அப்படியே இருக்கிறது. சொந்த முற்றத்தில் பலருக்குத் துவைப்பவருக்கும் அதில் இடமில்லை. 1947 திருத்தத்துக்குப் பின் சுயதொழில்காரர்கள் வெளியே. அட்லாண்டாவின் மூவாயிரம் பேரும் இன்று சங்கம் கட்டிப் பன்னிரண்டு பவுண்டுக்கு இன்ன விலை என்று அறிவித்தால், கூட்டாட்சித் தொழிலாளர் சட்டம் அவர்களைக் கண்டுகொள்ளாது. போட்டியைக் குலைக்கும் விலைநிர்ணயச் சதி என்று அவர்கள்மீது வழக்குப் போடுவதற்கு வேண்டுமானால் சட்டத்தில் இடம் இருக்கிறது.